தேசித் தளிரில் ஓடும் வெள்ளிக் கோடுகள்: எந்தப் புழு இது?

கேள்வி: தம்பலகாமத்தில் எங்கள் வளவில் நிற்கும் ஒட்டுத் தேசிக் கன்றுகளின் இளம் இலைகளில் வெள்ளிக் கோடுகள் வளைந்து ஓடுகின்றன, பின்னர் இலைகள் சுருண்டுவிடுகின்றன. கைப்பேசிச் செயலி ஒன்று இதனை இலையைக் குடையும் ரம்ப ஈ என்று காட்டுகிறது. அது சரியா? என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: அது ரம்ப ஈ அன்று. தேசி, தோடை போன்ற மரங்களின் தளிரை நாடும் ‘பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா’ என்னும் மிகச் சிறிய அந்துப்பூச்சியின் புழுவே இவ்வாறு கோடு இழுக்கிறது.

இலையைக் குடையும் ரம்ப ஈக்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளின் பேர்ச், எல்ம் முதலிய மரங்களுக்கு உரியவை. குளவிகளின் வரிசையைச் சேர்ந்த இவற்றின் பெண், ரம்ப வடிவ உறுப்பால் இலையைக் கீறி உள்ளே முட்டையிடும். தட்டையான அதன் புழுவுக்குத் தெளிவான பழுப்புத் தலையும் மார்பில் மிகச் சிறுத்த கால்களும் உண்டு. அது நீண்ட கோடு இழுக்காமல் அகன்ற பழுப்புத் திட்டை உண்டாக்கி, முற்றியதும் இலையை விட்டு மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகும்.

உங்கள் இலையொன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கோட்டின் நடுவே எச்சம் ஒரே கரிய இழையாகத் தொடர்ந்தால் அது அந்துப்பூச்சிதான். பயற்றையிலும் தக்காளியிலும் கோடு கீறும் ஈயின் புழுவோ எச்சத்தைக் கோட்டின் இரு ஓரங்களிலும் மாறி மாறி விட்டுச்செல்லும். இவற்றையெல்லாம் விட நம்பகமான சான்று இலை விளிம்பில் இருக்கிறது. விளிம்பு மடிந்து பட்டிழையால் ஒட்டியிருந்தால், அதனை மெல்லப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பழுப்பான கூட்டுப்புழு இருக்கும். ரம்ப ஈ ஒருபோதும் அங்கே கூடு கட்டாது.

தாய்ப்பூச்சி இளந்தளிரின் அடிப்புறத்தில், நீர்த்துளி போலத் தெரியும் முட்டைகளைத் தனித்தனியாக இடுகிறது. பொரித்ததும் நேரே இலைக்குள் நுழையும் கால்களற்ற மஞ்சட்பச்சைப் புழு, முதல் மூன்று வளர்ச்சிப் பருவங்களிலும் இலையைத் தின்று ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வரை வளர்கிறது. நான்காம் பருவத்தில் உண்ணாமல் இழை மட்டும் நூற்கிறது. விரித்த சிறகு 4 மில்லிமீற்றரே உள்ள வெண்பூச்சியின் சிறகு நுனியில் ஒரு கரும்புள்ளி உண்டு. வெப்பமான காலத்தில் இவ்வளவும் இரண்டு மூன்று வாரங்களில் நிறைவடைந்துவிடும்.

முற்றிய இலையை இப்பூச்சி தீண்டாது என்பதால், ஒக்ரோபரில் மாரி தொடங்கித் திருகோணமலைப் பக்கத்து மரங்கள் ஒருசேரத் துளிர்க்கும் வாரங்களே கவனத்துக்குரியவை. கோடு விழுந்தபின் மேலே தெளிக்கும் மருந்து, இலைத்தோலுக்குள் இருக்கும் புழுவை எளிதில் எட்டாது. புழுக்களை அழிக்கும் நுண்குளவிகளையே அது கொல்லும். தெளிப்பதாயின், தளிர் விரியத் தொடங்கும்போதே மாலை வேளையில் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளியுங்கள். அக்காலத்தில் யூரியாவைக் குறைத்து, ஒட்டுக்குக் கீழே எழும் போத்துகளை அகற்றுங்கள். கோடு விழுந்த இலைகளைக் கிள்ள வேண்டாம்: அவை இன்னும் மரத்துக்கு உணவு தயாரிக்கின்றன; கிள்ளினால் மேலும் தளிர் விட்டுப் பூச்சியை அழைக்கும்.

வளர்ந்த மரம் இதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் புழு கிழித்த இடங்கள் வழியே, மழைக்காற்றோடு பரவும் சொறி நோயின் பற்றீரியா எளிதில் நுழைகிறது. மஞ்சள் வளையம் சூழ்ந்த, தடித்த சொரசொரப்பான புள்ளிகள் தென்பட்டால், அந்த இலைகளோடு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைத் தாமதமின்றிச் சந்தியுங்கள்.