வேர், பாறை, பிரேக்

கேள்வி: வட கரோலினாவின் பிஸ்கா தேசிய வனத்தில் முதன்முறையாக மலைச் சைக்கிள் ஓட்டப் போகிறோம். டயரில் எவ்வளவு காற்று வைப்பது? எல்லாப் பாதையிலும் விடுவார்களா?
– வாசகர், சார்லட்

பதில்: எடை 70 கிலோ, 2.4 அங்குல டியூப்லெஸ் டயர் என்றால் முன்னே 22, பின்னே 25 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்குங்கள். அங்கே வேரும் பாறையும் பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும். காற்று கூடினால் வழுக்கும். குறைந்தால் பாறை விளிம்பில் ரிம் அடிபடும். ஈர வேர்மேல் பிரேக் பிடிக்கவே கூடாது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, வேரைக் குறுக்காக நேரே கடந்துவிடுங்கள். சாய்வாக ஏறினால் முன்சக்கரம் வழுக்கிவிடும். பிளாக் மவுண்டன் பாதை போன்ற நீண்ட இறக்கங்களுக்கு உலோகக் கலவை பிரேக் பேடுதான் சரி. ரெசின் (பிசின் கலந்த) பேடு சூடேறினால் பிடிப்பை இழக்கும், ஈரத்தில் சீக்கிரம் தேயும்.

எல்லாப் பாதையிலும் விடமாட்டார்கள். அந்த வனத்தில் உள்ள ஷைனிங் ராக் காப்புப் பகுதிக்குள் சைக்கிளுக்கே இடமில்லை. 1964-ஆம் ஆண்டு வனாந்தரப் பாதுகாப்புச் சட்டப்படி (Wilderness Act) தடை. வேறு சில பாதைகளில் அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மட்டுமே அனுமதி. பாதை முகப்பில் உள்ள பலகையைப் படித்துவிட்டு ஏறுங்கள்.