ஜீப்பும் வன்னிச் சேறும்: கேள்வி பதில்

மாரி தொடங்குமுன் ஜீப்பில் என்ன வேலை செய்வது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். மாங்குளத்தில் இருபது வருடமாக ஜீப்புக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவன் நான். கையால் செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

கிளிநொச்சி: அண்ணை, சுசுகி ஜிம்னி ஜீப் வாங்கியிருக்கிறேன். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச், லைட் பார் எல்லாம் போட ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

காற்றிலிருந்து தொடங்குங்கள் தம்பி. காற்றளவு பார்க்கும் மீற்றர் ஒன்று, பற்றரியில் ஓடும் சின்னக் கொம்பிரசர் ஒன்று. இந்த இரண்டும் இல்லாமல் மற்ற எதையும் வாங்காதீர்கள்.

கதவோரம் ஒட்டியிருக்கும் அளவு தார் வீதிக்கு உரியது. கிரவல் பாதையில் அதில் கால்வாசியைக் குறைக்கலாம். அளம்பில், சுண்டிக்குளம் பக்கத்து மணலென்றால் 16 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். இறக்கிவிட்டு வண்டியை ஒரு முழம் முன்னே உருட்டி, இறங்கித் தடத்தைப் பாருங்கள். அகலம் கொஞ்சந்தான் கூடியிருக்கும், நீளம் நன்றாகக் கூடியிருக்கும். அந்த நீளந்தான் உங்களை மணலுக்கு மேலே வைத்திருக்கிறது. 15க்குக் கீழே போகவேண்டாம், திருப்பும்போது ரயர் ரிம்மை விட்டுக் கழரும். ஏ9 வீதிக்கு ஏறுமுன் திரும்ப அடித்துவிடுங்கள். காற்றுக் குறைந்த ரயரில் வேகமாக ஓடினால் சூடேறி வெடிக்கும்.

வவுனியா: ஜிம்னிக்கு எத்தனை அங்குலம் லிஃப்ட் போடலாம்?

இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். ஆனால் லிஃப்ட் எதை உயர்த்துகிறது என்று தெரிந்துகொண்டு காசைக் கொடுங்கள். ஸ்பிரிங் உயர்ந்தால் பொடி உயரும். அச்சின் நடுவில் தொங்குகிற குண்டு, அதுதான் டிஃபரன்சியல், இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லிலும் கட்டையிலும் முதலில் முட்டுவது அது. அதை உயர்த்துவது ரயர் மட்டுந்தான், அதுவும் பாதிக்கணக்கு. உங்கள் 195/80-15 ரயரைக் கழற்றி 215/75-15 போட்டால் விட்டம் ஒரு சென்ரிமீற்றர் கூடும், குண்டு அரைச் சென்ரிமீற்றர் உயரும். அவ்வளவுதான்.

அப்படியென்றால் லிஃப்ட் எதற்கு? பெரிய ரயர் மட்காட்டில் உரசாமல் இருக்கவும், ஏற்றத்தில் பம்பர் மண்ணைக் கிண்டாமல் இருக்கவும். போட்டால் பிரேக் குழாயின் நீளத்தையும் புரொப்பெல்லர் சாஃப்ட்டின் சாய்வையும் கட்டாயம் பார்க்க வேண்டும். சில்லு முழுக்கத் தொங்கும்போது பிரேக் குழாய் இழுபட்டு நின்ற வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன.

புதுக்குடியிருப்பு: வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் வெள்ளம் ஓடும்போது ஸ்னோர்க்கல் போட்ட ஜீப்பில் போகலாமா?

போகக்கூடாது. ஸ்னோர்க்கல் என்பது எஞ்சின் காற்றை மேலேயிருந்து இழுக்கப் போடும் குழாய். அது காப்பாற்றுவது எஞ்சினை, உங்களையல்ல. ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தால் ஜீப்பையும் தள்ளிக்கொண்டு போகும். கீழே நந்திக்கடல்.

தேங்கி நிற்கும் தண்ணீர் வேறு கதை. அதிலும் ஸ்னோர்க்கலுக்கு முன்னால் பார்க்கவேண்டியது பிரீதர் குழாய், டிஃபரன்சியலுக்குள் காற்று போய்வரும் சின்னக் குழாய். ஓடிச் சூடான டிஃபரன்சியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கினால் வெளியிலிருந்து இழுக்கும். குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். பிறகு அடி நட்டைக் கழற்றினால் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வடியும். அந்த ஒயிலோடு ஒரு மாதம் ஓடினால் பெயரிங் போய்விடும். நாலு மீற்றர் ரப்பர் குழாய் வாங்கி, பிரீதர்களை எஞ்சின் பக்கத்துச் சுவர் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். ஒரு பின்னேர வேலை.

தண்ணீருக்குள் எஞ்சின் நின்றால் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீர்கள். எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, பிஸ்ரனைத் தள்ளும் கொனெக்டிங் ரொட்தான் வளையும்.

நெடுங்கேணி: என்னிடம் பழைய மிற்சுபிசி 4டீஆர்5 ஜீப். இப்போது 700-16 ரயர். 31க்கு 10.5 (31 அங்குல உயரம், 10.5 அங்குல அகலம்) போட்டால் சேற்றில் நன்றாக ஓடுமா?

போடாதீர்கள். உயரத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. உங்களுக்குக் கூடப்போவது மூன்றரை அங்குல அகலம். நெடுங்கேணிப் பக்கம் மேலே சேறு, கீழே கிரவலோடு இறுகிய செம்மண். ஒடுக்கமான ரயர் சேற்றை வெட்டிக்கொண்டு போய் அந்தக் கடினத்தைப் பிடிக்கும். அகலமானது மேலேயே வழுக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத ஜீப்பில் கையும் நோகும். முழுக்க ஒடித்தால் ஸ்பிரிங் தட்டில் உரசும்.

முருங்கன்: அண்ணை சொல்வது பிழை. எங்கள் பக்கம் 700-16 போட்ட ஜீப் எல்லாம் அச்சுவரை புதைகிறது. அகல ரயர் போட்டவன் போய் வருகிறான்.

உங்கள் மண்ணுக்கு நீங்கள் சொல்வது சரி. முருங்கன் கரிசல் களி வேறு சாதி. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் களி கொண்டுபோன இடம் அது. நனைந்தால் ஊதும், ரயரின் பள்ளங்களை நிரப்பி வழுவழுவென்று ஆக்கிவிடும். கீழே பிடிக்கக் கடினத் தரையும் கிட்டத்தில் இல்லை. அங்கே மிதக்கத்தான் வேண்டும்.

ஒட்டுசுட்டான்: நான் டிராக்டர் ஓடுகிறவன். டிராக்டர் ரயர் உயரம், அதனால்தான் ஓடுகிறது. அகலத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

உயரம் முக்கியம், ஒத்துக்கொள்கிறேன். உயரமான சில்லு பள்ளத்தின் விளிம்பில் ஏறும், நீளமாகத் தரையில் படும். ஆனால் வயலுக்குள் இறங்கும்போது நீங்களே இரும்புச் சில்லைப் பக்கத்தில் கொழுவுகிறீர்களே, அது எதற்கு? பிடிக்கவும், புதையாமல் இருக்கவும். அதுவும் அகலந்தானே?

முருங்கன்: அப்போது 31க்கு 10.5தான் சரி என்கிறீர்களா?

முருங்கனுக்குச் சரி. நெடுங்கேணிக்கு இல்லை. சந்தேகமென்றால் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். பாதையில் பதிந்திருக்கும் சில்லுத் தடத்துக்குள்ளேயே ஒரு முழக் கம்பியைக் குத்துங்கள். கம்பி கடினத்தில் முட்டினால் ஒடுக்கமான ரயர் போகும். முட்டாமல் இறங்கிக்கொண்டே போனால் அகலமான ரயரில், காற்றைக் குறைத்துப் போங்கள். அதைவிட நல்லது இரண்டு நாள் வெயில் எறிக்க விடுவது. கம்பி இருநூறு ரூபாயோ முந்நூறோ, நாலு ரயரின் விலை உங்களுக்குத் தெரியும்.

மல்லாவி: புதைந்த வண்டியை இழுக்க எதில் கயிறு கொழுவுவது? பின்னால் பெட்டி (ட்ரெயிலர்) கொழுவும் குமிழ் இருக்கிறது.

அந்தக் குமிழில் கொழுவவே கூடாது. பெட்டியை இழுக்கச் செய்த சாமான் அது, சேற்றில் புதைந்த வண்டியை உதறி இழுப்பதற்கல்ல. முறிந்தால் கயிற்றின் விசையோடு குண்டு மாதிரிப் பறக்கும். என் கண்முன்னால் ஒரு குமிழ் பின்கண்ணாடியால் புகுந்து முன்கண்ணாடியால் வெளியே போனது. சாரதி இறங்கி நின்றதால் தப்பினார். சசியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், போல்ட் போட்டு இறுக்கிய கொக்கி வேண்டும். கயிற்றைக் கொக்கியில் மாட்டும் இரும்பு வளையமான ஷக்கிளில் 4.75 தொன் என்று அச்சடித்திருக்க வேண்டும், முக்கால் அங்குல ஷக்கிளில் அப்படி இருக்கும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கொன்றைப் போடுங்கள். பார்க்க வந்த பிள்ளைகளைக் கயிற்றின் இரண்டு மடங்கு தூரத்துக்கு அனுப்பிவிட்டு இழுங்கள்.

வவுனியா: ஹைலக்ஸ் கப்புக்கு (பிக்கப்) நாலு அங்குல லிஃப்ட்?

ஜிம்னிக்குச் சொன்னதுதான். இரண்டு.

மாந்தை கிழக்கு: வின்ச் போட்டிருக்கிறேன். மரம் தேடிக் காட்டுக்குள் எவ்வளவு தூரம் போகலாம்?

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. தெரியாத காட்டில் சில்லுத் தடத்தை விட்டு ஒரு அடியும் போகாதீர்கள். யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது, ஆனால் மிதிவெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகும் வருடக்கணக்காக நடந்தது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லை என்பதால் அந்த இடம் சுத்தம் என்று நினைக்காதீர்கள். வெள்ளம் பலகையையும் கொண்டுபோகும், மிதிவெடியையும் நகர்த்தும். மரம் இல்லாத இடத்தில் ஸ்பேர் சில்லைப் புதைத்து அதில் வின்ச் கொழுவலாம் என்று வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிறார்கள். இங்கே தடத்துக்கு வெளியே கிண்டவே வேண்டாம்.

தடத்தோரத்தில், ஆட்கள் தினமும் நடமாடும் இடத்தில் பாலையோ முதிரையோ நின்றால் அதில் கட்டுங்கள். கம்பியை நேரே சுற்றாமல் அகலப் பட்டி போட்டுக் கட்டுங்கள், பட்டை உரிந்தால் மரம் செத்துவிடும். மரமில்லையென்றால் இரண்டாவது வண்டியில் கட்டுங்கள். இரண்டாவது வண்டி இல்லாமல் காட்டுப் பாதைக்குப் போகவே வேண்டாம்.

வவுனியா: லைட் பார் யானையை விரட்டுமா?

விரட்டாது, வெருட்டும். வெருண்ட யானை எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. பெரிய வெளிச்சத்தை அணைத்துவிட்டு மெதுவாகப் பின்னே எடுங்கள்.

செட்டிகுளம்: எஞ்சினை மாற்றினால் புத்தகத்தில் பதிவது எப்படி?

இது என் வேலையில்லை. எஞ்சினைக் கழற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள். மாற்றிவிட்டு ஓடித்திரியாதீர்கள்.

கிளிநொச்சி: பஜெரோவுக்கு எத்தனை அங்குலம் லிஃப்ட்…

இரண்டு. லிஃப்ட் கேள்விகள் இன்னும் ஏழு இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் இதுதான் பதில். காற்று மீற்றர் வாங்கிவிட்டீர்களா என்று ஒருவரும் சொல்லவில்லையே!

முல்லைத்தீவு: அண்ணா, நான் வேலைக்காக உட்கிராமங்களுக்குப் போகிறவள். வண்டி அலுவலகத்துக் கப், அதில் எதையும் மாற்ற முடியாது. என்ன கொண்டுபோகலாம்?

தங்கச்சி, இன்று வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி உங்களுடையது. ஓரடிக்கு ஓரடி தடித்த பலகை ஒன்று, ஜக்குக்குக் கீழே வைக்க. அது இல்லாவிட்டால் ஜக் சேற்றுக்குள் இறங்கும், வண்டி எழும்பாது. சில்லைத் தூக்கியதும் அடியில் போட நாலு காய்ந்த பனைமட்டை, கருக்குப் பக்கம் கீழே இருக்கட்டும். அது மண்ணைப் பிடிக்கும், ரயரையும் கிழிக்காது. காற்று மீற்றர். ஒரு மண்வெட்டி. அதன் பிடியை ஒன்றரை அடியாக வெட்டிவிடுங்கள். முழுப் பிடி அச்சுக்கு அடியில் வீசவிடாது. புதைந்த தடத்துக்குள் குந்திக்கொண்டு, சில்லுக்கு முன்னால் இருக்கும் சேற்றை உங்கள் பக்கமாக இழுத்தெடுக்கக் கட்டைப் பிடிதான் வேண்டும்.