1962 மாரிஸ் மைனரில் பிரேக் மிதித்தால் டெயில் லைட் அணைகிறது, புது லைட்டை எப்படி வயர் பண்ணுவது?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இதுதானே: டர்பனில் கிளேர்வுட்டிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குக் குடிவந்த காலத்துத் தாத்தாவின் மைனர் 1000, போன வருஷம் முழு பெயிண்ட் அடித்தது, இப்போது லைட் போட்டு பிரேக் மிதித்தால் இடதுபக்க டெயில் லைட் பிரகாசமாவதற்குப் பதில் அணைகிறது. அதனால் பிந்தைய மாடலின் ஆம்பர் கலர் இண்டிகேட்டர் உள்ள பெரிய லைட் ஜோடியை வாங்கி வைத்திருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று. புது லைட் மாட்டினால் இந்தக் கோளாறு போகாது. இது எர்த் (பல்பிலிருந்து கரண்ட் வண்டியின் இரும்பு உடம்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி) கோளாறு, லைட்டை மாற்றினாலும் கூடவே வரும்.

அந்த பல்பில் இரண்டு இழை, ஒன்று 5 வாட் டெயிலுக்கு, இன்னொன்று 21 வாட் பிரேக்குக்கு, இரண்டுக்கும் பொதுவான எர்த் பல்பின் பித்தளை உடம்புதான். உடம்பு ஹோல்டரைத் தொட்டு, ஹோல்டர் லைட்டின் அடித்தட்டைத் தொட்டு, அடித்தட்டு ஸ்க்ரூ வழியாக மட்கார்டைத் தொட்டு எர்த் ஆகிறது. நடுவில் பெயிண்டர் நல்ல கனமாக இரண்டு மூன்று கோட் அடித்துவிட்டுப் போனால் அந்தச் சங்கிலி அறுந்தது. அப்போது பிரேக் இழைக்குள் வந்த கரண்ட் வெளியேற வழியில்லாமல் டெயில் இழைக்குள் திரும்பி, சிவப்பு வயரைப் பிடித்துக்கொண்டு வலதுபக்க டெயில் லைட்டுக்கும் நம்பர் பிளேட் லைட்டுக்கும் போய் அங்கே எர்த் தேடும். லைட் போடாமல் பிரேக் மட்டும் மிதித்துப் பாருங்கள், அவை மெலிதாக எரியும். லைட் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் அதே வோல்டேஜ், கரண்ட் ஓட இடமே இல்லை, அதனால்தான் அணைகிறது.

நிச்சயப்படுத்த ஒரு துண்டு வயர் போதும். ஒரு முனையை லைட்டின் அடித்தட்டிலும் மறு முனையை டிக்கிக்குள் ஏதாவது வெறும் இரும்பிலும் பிடியுங்கள். உடனே சரியானால் சந்தேகமே வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தால் பிரேக்கை மிதித்தபடி அடித்தட்டுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவில் அளந்து பாருங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் மோசம். 21 வாட் பல்பு இழுப்பது 1.75 ஆம்பியர், வழியில் அரை ஓம் தடை இருந்தாலே ஏறக்குறைய ஒரு வோல்ட் காணாமல் போகும், அந்த ஒரு வோல்ட்டில் வெளிச்சத்தில் கால் பங்கு போய்விடும். மழை நாளில் ரோபோவில் (சிக்னல் விளக்கில்) நிற்கும்போது பின்னால் வரும் டாக்ஸிக்காரருக்கு அந்தக் கால் பங்கு முக்கியம்.

எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் பெயிண்டைச் சுரண்டி விடு என்பார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டர்பனில், அதிலும் ப்ளஃப் கடலோரப் பக்கம் இருந்து உப்புக்காற்று அடிக்கிற ஊரில், சுரண்டிய இடம் துருவாகிவிடும், பிறகு அதே கோளாறு, மேலும் மட்கார்டில் ஓட்டை. என் மைனரில் பழைய லைட்டைக் கழற்றியபோது ஹோல்டரின் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருந்தது, ஸ்பிரிங் விரலால் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. அதனால் நான் செய்தது இதுதான்: துளைகளின் விளிம்புவரை ஜிங்க் ப்ரைமரும் பெயிண்டும் அடித்து மூடிவிட்டு, ஒவ்வொரு லைட்டின் அடித்தட்டிலிருந்தும் தனியாக ஒரு கறுப்பு வயர் இழுத்து, டிக்கியின் தரையில் மழை படாத ஒரு போல்ட்டில் ரிங் டெர்மினலும் பல் வாஷரும் வைத்து முறுக்கி, மேலே வாசலைன் தடவிவிட்டேன். 1 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம். இனிமேல் யார் எத்தனை கோட் அடித்தாலும் கவலையில்லை.

அடுத்து உங்கள் புது லைட். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 1961-ல் மைனரில் கை நீட்டும் டிராஃபிகேட்டரை எடுத்துவிட்டு மின்னும் இண்டிகேட்டர் கொடுத்தார்கள், ஆனால் பின்னால் தனி விளக்கு கிடையாது, பிரேக்கின் அதே இழைதான் சிவப்பாக மின்னும். 1963 கடைசியில்தான் ஆம்பர் வந்தது. அதனால் உங்கள் 1962 வண்டியில் பின்பக்கம் வரும் வயர்கள் சிவப்பு டெயில் வயரும், இடது வலது என்று பக்கத்துக்கு ஒன்றாக பிரேக்கையும் இண்டிகேட்டரையும் சேர்த்துச் சுமக்கும் இரண்டும்தான். பிரேக்குக்கென்று தனி வயர் இல்லை.

முழு லூமையும் (வண்டியின் வயர்க் கட்டு) புதிதாக வாங்கச் சொல்வார்கள், தேவையில்லை. பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் அந்த வயர்களை அப்படியே ஆம்பர் இண்டிகேட்டருக்குக் கொடுங்கள் (வழக்கப்படி இடது பச்சையில் சிவப்புக் கோடு, வலது பச்சையில் வெள்ளைக் கோடு, ஆனால் அறுபது வருஷத்தில் யார் கை வைத்தார்களோ, டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தபிறகு நம்புங்கள்). முன்னால் பிரேக்கையும் இண்டிகேட்டரையும் கலக்கும் இடம், வழக்கமாக ஒரு ரிலே பெட்டி, அதிலிருந்து பிரேக் சுவிட்சின் வயரைக் கழற்றி, அதை ஒரே ஒரு புது வயராகப் பழைய லூம் போகும் வழியிலேயே பின்னால் கொண்டுவந்து இரண்டு லைட்டுக்கும் பிரித்துக் கொடுங்கள். பச்சையில் ஊதாக் கோடு கிடைத்தால் அதையே வாங்குங்கள், லூகாஸ் (அந்தக் கால பிரிட்டிஷ் கார்களின் மின்பாகக் கம்பெனி) முறையில் அதுதான் பிரேக்கின் நிறம், நாளைக்கு வேறொருவர் திறந்து பார்க்கும்போது திட்டமாட்டார். ரிலேக்குப் போகும் ஃப்ளாஷரின் (விளக்கை மின்ன வைக்கும் சிறு டப்பா) வெளிவயரை, பழைய நேரடி சப்ளைக்குப் பதிலாக இண்டிகேட்டர் சுவிட்சுக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் விளக்கு மின்னாமல் நிலையாக எரியும்; பிறகு சுவிட்சிலிருந்து வரும் இரண்டு வயரையும் ரிலேயை விட்டுவிட்டு நேராகப் பின்பக்க வயர்களோடும், அந்தந்தப் பக்கத்து முன் இண்டிகேட்டரோடும் சேர்த்துவிடலாம். இரும்பில் துளைக்கும் இடமெல்லாம் ரப்பர் குரோமெட் (வளையம்) போடாமல் வயரை விடாதீர்கள். புது லைட் பெரியது, பழைய துளை ஒத்துவராது, துளைக்கும் முன் ரப்பர் கேஸ்கெட்டை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இந்த வண்டியில் டெயில் லைட்டுக்கு ஃப்யூஸே கிடையாது. சிவப்பு வயரில் ஒரு இன்லைன் ஃப்யூஸ் போட்டுவிடுங்கள்.

பல்பு மாட்டும்போது கவனியுங்கள், 380 நம்பர் பல்பின் இரண்டு முள்ளும் ஒரே உயரத்தில் இருக்காது. பழைய ஹோல்டர் தேய்ந்திருந்தால் தலைகீழாகவும் அழுத்தி ஏற்றிவிடலாம், அப்புறம் டெயில் பளீரென்றும் பிரேக் மங்கலாகவும் எரியும். இண்டிகேட்டருக்கு ஒற்றை இழை 382.

எல்இடி போடலாமா என்று கேட்பீர்கள். 1962 மைனர் பாசிட்டிவ் எர்த்தாக வந்த வண்டி. பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள், இன்னும் பாசிட்டிவாகவே இருந்தால் சாதாரண எல்இடி எரியவே எரியாது. சாதா பல்புக்கு இந்தத் தொல்லை இல்லை. இண்டிகேட்டரில் எல்இடி போட்டால் பழைய ஃப்ளாஷரும் துடிக்காது, அதற்கு இழுப்பு போதாது. நான் சாதா பல்போடுதான் ஓட்டுகிறேன், எர்த் சரியாக இருந்தால் அதுவே போதும்.

எல்லாம் முடிந்தபிறகும் பிரேக் லைட் வரவில்லை என்றால் பிரேக் சுவிட்சின் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், இக்னிஷன் ஆனில் இருக்க வேண்டும். லைட் எரிந்தால் குற்றவாளி சுவிட்ச். பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் வேலை செய்யும் சுவிட்ச் அது, வயதானால் பெடலை ஓங்கி மிதித்தால்தான் அசைந்து கொடுக்கும். புதிதாக மாற்றினால் பிரேக்கில் காற்று எடுக்க மறக்காதீர்கள். வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் எப்படியும் ரோட்வர்திக்கு (வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்ற சோதனை) கொண்டுபோக வேண்டும், பின்னால் ஒருவரை நிறுத்தி லைட், பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.