மகளுக்கு பி.டி.பி.டி.என். கடன்: பாரத்தை நானே நிரப்பலாமா?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் லோரி ஓட்டுகிறேன். அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளி (ரிங்கிட்). ஓவர்டைம் மாதாமாதம் மாறும். மனைவி காலையில் நாசி லெமாக் விற்கிறார். மகளுக்குத் தனியார் கல்லூரியில் டிப்ளோமா இடம் கிடைத்திருக்கிறது. அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். கடனுக்கு நானே விண்ணப்பித்துவிடலாமா? மனைவியின் வருமானத்தையும் காட்ட வேண்டுமா? இல்லை, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தையே எடுத்துவிடலாமா?

பதில்: நீங்கள் நிரப்ப வேண்டாம் ஐயா. கடன் மகள் பெயரில் வருகிறது, கட்டப்போவதும் அவர்தான். மகனின் பாரத்தில் தன் கைப்பேசி எண்ணைப் போட்ட ஒரு தந்தையை எனக்குத் தெரியும். பிறகு எண்ணை மாற்றிவிட்டார். பழைய எண்ணுக்குப் போன செய்தி எதுவும் பையனுக்கு வரவில்லை. மகளே நிரப்பட்டும். நீங்கள் சம்பள ஸ்லிப்போடு பக்கத்தில் உட்காருங்கள்.

படிப்புக்கு எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல்லூரி விளம்பரம் போதாது, எம்.கியூ.ஏ. பதிவேட்டிலேயே தேடுங்கள். மகள் பெயரில் எஸ்.எஸ்.பி.என். கணக்கும் (பி.டி.பி.டி.என். நடத்தும் கல்விச் சேமிப்பு) வேண்டும், 20 வெள்ளியில் திறக்கலாம்.

அப்புறம் பெயர். நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இதில்தான். ஐசியில் (அடையாள அட்டையில்) மகள் என்று குறிக்கும் ‘ஏ/பி’ இருக்கும், வங்கிக் கணக்கில் இருக்காது, எஸ்.பி.எம். சான்றிதழில் ஓர் எழுத்து கூடியிருக்கும். எல்லாம் ஐசியில் உள்ளபடி இருக்கட்டும். வங்கியில் மாற்றம் தேவையென்றால் இந்த வாரமே போய்விடுங்கள்.

நாசி லெமாக் வருமானத்தைக் காட்டத்தான் வேண்டும். சில்லறை வியாபாரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். அரசின் எஸ்.டி.ஆர். ரொக்க உதவிக்கு ஒரு தொகை, இங்கே இன்னொரு தொகை என்று எழுதினால் யாராவது கேட்கும்போது திணறுவீர்கள். ஆனால் விற்ற பணம் முழுவதும் வருமானம் இல்லை. அரிசி, தேங்காய், நெத்திலி, கேஸ் எல்லாம் கழித்து மிஞ்சியது எவ்வளவு? கடந்த மூன்று மாதக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்துத்தான் கடன் தொகை.

சரி, இபிஎஃப். பிள்ளையின் மேற்படிப்புக்குச் இபிஎஃப்-இன் செஜாதெரா கணக்கிலிருந்து எடுக்கலாம். ஆனால் பி.டி.பி.டி.என். உஜ்ரா, அதாவது கடனுக்கான சேவைக் கட்டணம், வருடத்துக்கு 1 விழுக்காடுதான். இபிஎஃப் 2024-க்குக் கொடுத்த இலாப ஈவு 6.3 விழுக்காடு. மகள் கடனாளி ஆகக்கூடாது என்று மொத்தத்தையும் வழித்து எடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடனின் முதல் தவணை கல்லூரி திறந்த அன்றே வராது. பதிவுக் கட்டணம், அந்த இடைவெளியில் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணம், இவற்றுக்கு மட்டும் எடுங்கள். ஆஃபர் லெட்டர், கட்டண விவரம், மகளின் சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) மூன்றையும் இப்போதே ஸ்கேன் செய்து வையுங்கள், இபிஎஃப்-இல் கேட்பார்கள்.