எடை தேறினாலும் தேறாத எதிர்ப்பாற்றல்: கேள்வி பதில்

கேள்வி (உயிரியல் மாணவர்): கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டில் குழந்தையின் வெள்ளையணுக்கள் எண்ணிக்கையில் குறைந்துவிடுமா, டாக்டர்?

பதில்: எல்லாம் குறைவதில்லை. கிருமிகளை விழுங்கி அழிக்கும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்கள் பெரும்பாலும் போதிய அளவில் இருக்கும். ஆனால் விழுங்கிய கிருமியைக் கொல்லும் திறன் அவற்றுக்குக் குன்றிவிடுகிறது. பேரிழப்பு, எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் வெள்ளையணுக்களான டி அணுக்கள் முதிர்ச்சியடையும், மார்பெலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில்தான் நேர்கிறது. உடற்கொழுப்பு கரைவதால் கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டின் ஹார்மோன் குறைந்து, உடல் நெருக்கடியில் சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் உயரும்போது, முதிராத டி அணுக்கள் பெருமளவில் மடிந்து, சுரப்பியே சுருங்கிவிடுகிறது.

கேள்வி (செவிலியர்): இத்தகைய குழந்தைக்குக் காய்ச்சல் இல்லையென்றால், தொற்று இல்லை என்று கொள்ளலாமா?

பதில்: ஒருபோதும் கூடாது. காய்ச்சலை எழுப்பும் ஆற்றலும் குன்றியிருக்கும். மருத்துவமனையில் சேர்க்கப்படும் இக்குழந்தைகளுக்கு, அறிகுறி தெரியாவிட்டாலும் ஆன்டிபயாடிக் மருந்து தரச் சொல்வது இதனால்தான்.

கேள்வி (ஒரு தாய்): என் மகளின் எடை சரியாகிவிட்டது. இனிக் கவலை இல்லைதானே?

பதில்: எடை தேறியது மகிழ்ச்சிக்குரியதே, அம்மா, எனினும் கண்காணிப்பைத் தளர்த்த வேண்டாம். 1990களில் பொலிவியாவில், சிகிச்சை பெற்ற குழந்தைகளின் தைமஸை அல்ட்ராசவுண்ட் மூலம் அளந்தபோது, எடை ஏறத்தாழ ஒரு மாதத்தில் மீண்டிருக்க, சுரப்பி மீள்வதற்கு இரண்டு மாதங்கள் வரை ஆனது தெரியவந்தது. எடையை மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்பப்படும் குழந்தை மீண்டும் நோயுறுவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். அதே ஆய்வுக் குழுவினர் துத்தநாகம் சேர்த்துக் கொடுத்தபோது சுரப்பி விரைவாக மீண்டது. ஆனால் சிகிச்சை உணவுகளில் துத்தநாகம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் தனியாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (ஆசிரியர்): இதன் பாதிப்பு வளர்ந்த பிறகும் தொடருமா?

பதில்: காம்பியா நாட்டின் கெனேபா பகுதியில் 1949 முதல் பேணப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 1997-இல் வெளியான ஆய்வு, உணவுத் தட்டுப்பாடு நிலவும் மழைக்காலத்தை ஒட்டிப் பிறந்தவர்கள் இளம் வயதில் இறக்கும் வாய்ப்பு, அறுவடைக் காலத்தில் பிறந்தவர்களைவிடப் பன்மடங்கு அதிகம் என்று காட்டியது, அந்த இறப்புகளில் பல தொற்றுநோயால் நேர்ந்தவை. பின்னர் அங்கேயே, பசிக்காலத்துக் கைக்குழந்தைகளின் தைமஸ் சிறுத்திருப்பதும், தாய்ப்பாலில் டி அணுக்களுக்குத் தேவையான இன்டர்லூகின்-7 என்ற புரதம் குறைந்திருப்பதும் தெரிந்தன. ஆயினும் வங்கதேசத்திலும் செனகலிலும் தேடியபோது இறப்பில் அந்த வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே இதைப் பொது விதியாகச் சொல்ல நான் துணியமாட்டேன்.

கேள்வி: மெலிந்த குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா?

பதில்: வேண்டாம். மெலிந்த குழந்தைகளும் அதற்குப் பெரும்பாலும் நன்றாகவே எதிர்ப்பொருளை உருவாக்குகின்றனர்; தட்டம்மையால் உயிருக்கு மிகுதியும் ஆபத்து நேர்வதும் அவர்களுக்கே.