அவன் இல்லாத வீட்டுல பர்த்டே ஸ்நாக்ஸ்

கேள்வி: அக்கா, அடுத்த வாரம் பையனுக்கு பர்த்டே, 20 பசங்க வருவாங்க. கேக் கடையில சொல்லியாச்சு. கூட கொறிக்க இனிப்பும் உப்பும் கலந்த மாதிரி ஏதாவது நானே செய்யணும்னு ஆசை, ஆனா வீட்டுல அவன் இல்ல. என்ன பண்ணலாம்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: "வீட்டுல அவன் இல்ல"ன்னு படிச்சதும் ஒரு நிமிஷம் பகீர்னு ஆயிடுச்சும்மா, அப்புறம்தான் கேக் சுடுற அவன்னு புரிஞ்சுது. அது தேவையே இல்ல. டார்க் காம்பவுண்ட் சாக்லேட் 400 கிராம், இனிப்பில்லாத கார்ன்ஃப்ளேக்ஸ் 3 கப், வறுத்து தோல் நீக்கின வேர்க்கடலை 1 கப், அப்புறம் ஒடிச்ச தேங்குழல் 1 கப். வெளிநாட்டு ரெசிப்பில ப்ரெட்சல்ங்கிற மொறுமொறு உப்பு பிஸ்கட் போடச் சொல்லுவாங்க, நம்ம தேங்குழல் அதுக்கு ஒரு படி மேலன்னுதான் நான் சொல்லுவேன். சாக்லேட்டை உருக்கி, அடுப்புல இருந்து இறக்கி, எல்லாத்தையும் கொட்டி பிரட்டி, பட்டர் பேப்பர்ல ஸ்பூன் ஸ்பூனா வச்சு ஃப்ரிட்ஜ்ல அரை மணி நேரம், அவ்வளவுதான், சின்னச் சின்னதா வச்சா 40 கிட்ட வரும்.

உப்பை மட்டும் உள்ள போட்டு கலக்கிடாதீங்க. கல்லுப்பை வெறும் சட்டியில வறுத்து ஈரம் போனதும் ஒண்ணு ரெண்டா தட்டி, சாக்லேட் காயுறதுக்கு முன்னாடி மேல ரெண்டு மூணு கல்லு தூவுங்க, நாக்குல முதல்ல உப்பு பட்டு அப்புறம் இனிப்பு வரணும். உப்பு கசப்பை அமுக்கும், அதனால டார்க் சாக்லேட் இன்னும் இனிப்பா தெரியும். கடலை ஒத்துக்காத பசங்க இருக்காங்களான்னு அம்மாக்கள்கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க, ரொம்ப குட்டிப் பசங்களுக்கு முழுக்கடலை வேணாம், தொண்டையில சிக்கிக்கும்.

கேள்வி: போன தடவை சாக்லேட் உருக்குனப்போ மண்ணு மாதிரி திரிஞ்சு போச்சு. சாக்லேட் பழசா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: பழசெல்லாம் இல்ல தம்பி, தண்ணி பட்டிருக்கும். உருகின சாக்லேட்ல ஒரு சொட்டு தண்ணி விழுந்தாலும் அதுல இருக்குற சர்க்கரையும் கோகோவும் ஈரத்தைப் புடிச்சுக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டியாயிடும். பாத்திரத்துல ரெண்டு விரல் தண்ணி கொதிக்கவிட்டு தீயைக் குறைச்சு, மேல ஒரு கிண்ணம், கிண்ணத்தோட அடி தண்ணியில படக்கூடாது, ஸ்பூன் துடைச்சு காஞ்சிருக்கணும், மூடி போடவே கூடாது, ஏன்னா மூடியில கோத்த ஆவிதான் முக்காவாசி பேருக்கு வில்லன். திரிஞ்சதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, சூடான பாலை கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்குனா சாஸ் ஆயிடும், ஐஸ்க்ரீம் மேல ஊத்திக்கலாம், ஆனா திரும்ப கெட்டியாகாது. கார்ன்ஃப்ளேக்ஸ் நமுத்திருந்தா கடாயில ரெண்டு நிமிஷம் வறுத்து நல்லா ஆறவிட்டு போடுங்க.

கேள்வி: சாக்லேட் வேணாம்னு மாமியார் சொல்றாங்க. வெல்லத்துல செய்ய முடியுமா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: பேஷா செய்யலாம், கடலைமிட்டாய்தானேம்மா அது! கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க. 2 கப் கடலைக்கு 1 கப் வெல்லம், கரைச்சு வடிகட்டி பாகு காய்ச்சுங்க. ஒரு சொட்டு தண்ணியில விட்டு எடுத்து தட்டுல போட்டா 'டங்'னு சத்தம் வரணும், வளைஞ்சா இன்னும் காயணும், இந்தப் பதத்துல அவசரப்பட்டா பல்லுல ஒட்டும். கடலையைக் கொட்டி, நெய் தடவின தட்டுல பரப்பி, சூடு இருக்கும்போதே கோடு போட்டு, தட்டுன கல்லுப்பு கொஞ்சம் தூவிடுங்க. மாமியார் "மிட்டாய்க்கு யாராவது உப்பு போடுவாங்களா"ன்னு கேப்பாங்க, பதில் சொல்லாம ஒரு துண்டு கையில குடுங்க. ஆறினதும் டப்பாவுல போட்டு இறுக்க மூடிடுங்க, மெட்ராஸ் காத்துல வெளிய வச்சா சாயங்காலத்துக்குள்ள பிசுபிசுத்துடும்.