கேமராவோட வர்றாங்க, எங்க கூட்டிட்டுப் போறது?

கேள்வி: அண்ணா, பொங்கல் லீவுக்கு என்கூட காலேஜ்ல படிச்சவங்க நாலு பேரு சென்னைல இருந்து சேலம் வர்றாங்க. ரெண்டு பேருகிட்ட நல்ல கேமரா இருக்கு, மத்தவங்க போன்தான். ஏற்காடு லேக், லேடீஸ் சீட் எல்லாம் இன்ஸ்டால பார்த்துப் பார்த்து சலிச்சுப் போச்சாம், வேற ஏதாச்சும் காட்டுடாங்கறாங்க. கையில ரெண்டே நாள். எங்க போலாம்?
(அழகாபுரம் வாசகர்)

பதில்: தம்பி, முதல்ல ஒரு விஷயம், லேடீஸ் சீட்டை லிஸ்ட்ல இருந்து அடிச்சிடாதீங்க. அங்க எல்லாரும் மத்தியானம் 12 மணிக்குப் போய் நின்னு எடுக்கறதால எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கு, அவ்வளவுதான். நீங்க சாயங்காலம் அஞ்சரைக்குப் போங்க, ஜனவரில ஆறு மணி தாண்டி கொஞ்ச நேரத்துல சூரியன் இறங்கிடும், அப்பதான் கூட்டம் கிளம்பும், நீங்க கிளம்பாதீங்க. அதுக்கப்புறம் ஒரு இருபது நிமிஷம் வானம் கருநீலமா இருக்கும், கீழ சேலம் டவுன் பூரா லைட் போட ஆரம்பிச்சிருக்கும், அந்த ரெண்டும் ஒண்ணா கிடைக்கிறது அந்த இருபது நிமிஷம் மட்டும்தான். முழு இருட்டு ஆயிட்டா வெறும் புள்ளிதான் விழும். போனைக் கைல புடிக்காம கம்பி மேல வச்சு டைமர் போட்டு எடுக்கச் சொல்லுங்க.

காலைல பகோடா பாயிண்ட். அது மலைக்குக் கிழக்குப் பக்கம் இருக்கறதால சூரியன் வர்றது நேரா தெரியும், ஜனவரில ஆறே முக்காலுக்கெல்லாம் வெளிச்சம் வந்துரும், அதனால ஆறேகாலுக்கே அங்க இருக்கணும். ராத்திரி மலைலயே தங்கினாத்தான் இது ஆகும், கீழ இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இருட்டுல ஏறி வர்ற வேலை வேணாம்.

இதெல்லாம் சரி, ஆனா உங்க ஃப்ரெண்ட்ஸுக்கு நான் நிஜமா காட்டணும்னு நினைக்கிறது காபி எஸ்டேட். ஏற்காட்டுல காபி வந்து 200 வருஷம் ஆச்சு, சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் 1820-கள்ல கொண்டுவந்து போட்டது. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் பழம் பறிக்கிற நேரம், அதாவது நீங்க போறது சரியான சீசன். சில்வர் ஓக் மரம் உசரமா நிக்கும், அதுல மிளகுக் கொடி ஏறியிருக்கும், அதுக்குக் கீழ நிழல்ல செக்கச்செவேல்னு காபிப் பழம், இடுப்புல சாக்கைக் கட்டிக்கிட்டு பறிக்கிறவங்க, மரத்துக்கு நடுவுல சரிஞ்சு விழற வெளிச்சம், காலைல எட்டுல இருந்து பத்துக்குள்ள பார்த்தீங்கன்னா எங்க திருப்பினாலும் படம்தான். பறிச்ச பழத்தைக் களத்துல காயப் போட்டுத் துழாவிட்டு இருப்பாங்க, அதையும் விட்றாதீங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, பொங்கல் அன்னிக்கும் மறுநாளும் எஸ்டேட்ல ஆள் இருக்க மாட்டாங்க, அதனால லீவோட முன்பகுதில மலையை வச்சுக்கங்க. எல்லாம் தனியார் நிலம், தங்கற இடத்துலயே எஸ்டேட் இருந்தா நல்லது, இல்லைனா கேட்ல கேட்டுட்டு உள்ள போங்க. பறிக்கிறவங்களுக்கு கிலோ கணக்குல கூலி போடற இடமும் உண்டு, நீங்க நிறுத்தி நிறுத்தி போஸ் குடுக்கச் சொன்னா அவங்க சம்பளம்தான் குறையும், வேலை செய்யறப்பவே எடுங்க, எடுத்ததைக் காட்டுங்க. சாயங்காலம் எஸ்டேட் ரோட்டுல காட்டுமாடு வரும், கிட்டப் போகவே கூடாது.

ரெண்டாவது நாள் கீழ இறங்கி பூலாம்பட்டி போயிருங்க. எடப்பாடி தாண்டி காவிரிக் கரை, கதவணையால தண்ணி தேங்கி ஆறு ஏரி மாதிரி அகலமா நிக்கும், இந்தக் கரைல சேலம் மாவட்டம் அந்தக் கரைல ஈரோடு மாவட்டத்து நெருஞ்சிப்பேட்டை, நடுவுல விசைப்படகு ஓடிட்டே இருக்கும். சினிமாக்காரங்க ரொம்ப வருஷமா வந்து எடுக்கற ஊருதான். ஆனா படகை வெறும் பேக்ரவுண்டா பார்க்காதீங்க, டூவீலரையும் ஏத்திக்கிட்டு தினமும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஜனங்க போயிட்டு வர்ற படகு அது, டிக்கெட் எடுத்து அவங்களோடவே உக்காந்து போனீங்கன்னா கிடைக்கற முகங்களை எந்த வியூ பாயிண்ட்லயும் பார்க்க முடியாது. காலைல போனா முதுகுக்குப் பின்னாடி சூரியன், எதிர்க்கரை மலை பச்சையா தெளிவா விழும். சாயங்காலம் சூரியன் எதிர்ல வர்றதால ஆளும் படகும் கறுப்பா நிழலுருவமா வரும், அது புடிச்சவங்க அப்ப போகலாம்.

நேரம் மிச்சம் இருந்தா, டவுன்ல வ.உ.சி. பூ மார்க்கெட், விடியக்காலைல, பொங்கலுக்கு முந்தின நாள்னா இன்னும் சூப்பரு. செவ்வாய்ப்பேட்டைல கொலுசுப் பட்டறை இருக்கும், தெரிஞ்சவங்க மூலமா கேட்டுட்டு மட்டும் போங்க, வெள்ளி கிடக்கிற இடம்கிறதால முன்பின் தெரியாதவங்க கேமராவோட நுழைஞ்சா அவங்களுக்கு பயமா இருக்கும். சினிமா பைத்தியம் யாராச்சும் இருந்தா ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் ஆர்ச்சைக் காட்டுங்க, டி.ஆர். சுந்தரம் 1935ல ஆரம்பிச்ச ஸ்டூடியோ, நூறு படத்துக்கு மேல எடுத்த இடம், இப்ப அந்த நுழைவு வளைவுதான் மிச்சம். அங்கயே பக்கத்துல தட்டுவடை செட் (ரெண்டு தட்டைக்கு நடுவுல சட்னியும் துருவின காயும் வச்சுத் தர்றது) வாங்கிக் குடுங்க, அதையும் படம் எடுப்பாங்க பாருங்க.

கேள்வி: ஏற்காட்டுல பனிமூட்டம் கண்ணுக்கு அவ்வளவு அழகா இருக்கு, போன்ல எடுத்தா மட்டும் அழுக்கு சாம்பல் கலர்ல வருது. மேட்டூர் ரோடு பக்கம் வெள்ளையா ஒரு மலை தெரியுமே, அதுவும் அப்படித்தான் வருது. போன் சரியில்லையா?
(ஆத்தூர் வாசகி)

பதில்: போன் நல்லாத்தான் இருக்கும்மா. கேமராவோட கணக்கு என்னன்னா எதிர்ல எது இருந்தாலும் அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும், முழுக்க வெள்ளையா இருந்தா ஐயோ வெளிச்சம் ஜாஸ்தின்னு நினைச்சு தானா குறைச்சிரும், அதான் சாம்பல். ஸ்கிரீன்ல ஒரு இடத்தைத் தொட்டா பக்கத்துல சூரியன் குறி வரும், அதை மேல கொஞ்சம் தள்ளுங்க, பனி வெள்ளையா மாறிடும். அப்புறம் வெறும் பனியை எடுக்காதீங்க, கிட்டத்துல ஒரு மரமோ வளைவுல வர்ற பஸ் லைட்டோ ஏதாவது ஒண்ணு இருக்கணும், அப்பதான் பனி எவ்வளவு ஆழம்னு பார்க்கறவங்களுக்குப் புரியும்.

நீங்க சொல்ற வெள்ளை மலை மேக்னசைட்ங்கற வெள்ளைக் கனிமக் கல்லை வெட்டி எடுக்கிற சுரங்கம், அந்தப் பேர்லயே சேலத்துல ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. அதுக்கும் இதே வைத்தியம்தான். சுரங்கத்துக்குள்ள நுழையறதுக்கு அனுமதி இல்லாம போகாதீங்க, ஏற்காடு மலை ரோட்டுல இருந்து பார்த்தாலே பச்சைக்கு நடுவுல வெள்ளையா நல்லா தெரியும், வண்டியை வளைவுல நிறுத்தாம அகலமான இடமா பார்த்து ஓரம் கட்டுங்க.

கேள்வி: தாரமங்கலம் கோயில்ல போட்டோ எடுக்க விடுவாங்களா? மேட்டூர் அணைக்குள்ள நந்தி தெரியும்கறாங்களே, அது எப்ப?
(ஓமலூர் வாசகர்)

பதில்: கோயிலுக்குள்ள செல்போன் வேணாம்னு 2022 டிசம்பர்ல ஹைகோர்ட் சொல்லியிருக்கு, அதனால உள்ள போறதுக்கு முன்னாடி கோயில் ஆபீஸ்ல கேட்டுருங்க. வேணாம்னு சொன்னா வெளில கோபுரத்தை எடுத்துக்கங்க, மேற்குப் பார்த்த கோயில்கிறதால சாயங்கால வெயில் கோபுரத்து மேல நேரா விழும், கல்லோட நிறமே மாறிப் போகும். ஆனா கேமராவைப் பையில போட்டுட்டாவது உள்ள போங்க. இந்தப் பக்கத்தை முன்னாடி ஆண்ட கட்டி முதலிகள் காலத்து வேலை, வாலி சுக்ரீவன் சண்டையை ஒரு தூண்லயும் ராமர் மறைஞ்சு நிக்கறதை இன்னொரு தூண்லயும் செதுக்கியிருக்காங்க, ராமர்கிட்ட நின்னா வாலி தெரிவார், வாலிகிட்ட நின்னா ராமர் தெரிய மாட்டார். கேமரா கோணம்னா என்னன்னு புரிஞ்சுக்க அந்த ரெண்டு தூணுக்கும் நடுவுல நடந்து பார்த்தா போதும், நான் கத்துக்குட்டிங்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்றேன்.

நந்தி இருக்கிறது பண்ணவாடி பக்கம். 1934ல அணை கட்டி முடிச்சப்ப தண்ணிக்குள்ள போன கோயிலோட நந்தி, கூடவே ஒரு சர்ச் கோபுரமும் உண்டு. அணை முழு மட்டம் 120 அடி, அது நல்லா இறங்கினாத்தான் இது ரெண்டும் வெளில வரும். டெல்டாவுக்கு ஜூன் 12ல திறந்து ஜனவரி 28ல மூடறது வழக்கம், அதனால கோடைலதான் வாய்ப்பு அதிகம், பேப்பர்ல தினமும் நீர்மட்டம் போடறாங்க பார்த்துட்டு கிளம்புங்க. வத்தின இடம் வெடிச்சுக் காஞ்சிருக்கும், அடில சேறு இருக்கும், ஊர்க்காரங்க யாராச்சும் கூட இல்லாம உள்ள இறங்காதீங்க.

கேள்வி: நல்ல இடம் கிடைச்சா லொகேஷனோட போடலாமா?
(அஸ்தம்பட்டி வாசகர்)

பதில்: பூலாம்பட்டி, லேடீஸ் சீட் மாதிரி எல்லாருக்கும் பொதுவான இடம்னா தாராளமா போடுங்க. எஸ்டேட்னா ஓனர்கிட்ட கேக்கணும். மலைல இருக்கிற மலையாளிப் பழங்குடி மக்களோட (கேரளாக்காரங்க இல்ல) ஊர், வீடு, சாமி கும்பிடற இடம்னா போடாதீங்க, ஒருத்தர் உங்களை வாசல்ல உக்கார வச்சு காபி குடுத்தாங்கன்னா அது உங்களுக்குக் குடுத்தது, அடுத்த வாரம் பத்து கார் வந்து அதே வாசல்ல நின்னா அவங்க எங்க போவாங்க? ஃப்ரெண்டு வந்தா நீங்களே நேர்ல கூட்டிட்டுப் போங்க, அந்த வீட்டுக்காரங்ககிட்ட போன்ல சொல்லிட்டு.